ரெஜிஸ்டரில் இல்லாத மதகு

ஐம்பதுகளின் கடைசியில், எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையும் ஓட்டும் இல்லாத காலத்தில், இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒப்புக்கொண்டிருந்தார். ஊற்று ரோட்டுக்கு மேலே, லயம் ரோட்டுக்குக் கீழே. லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு வளைவில்தான் குடத்தோடு ரோட்டைக் கடக்க வேண்டும். லொறிச் சத்தம் கேட்டால் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

துரை தன் தமிழில் ஒரே ஒரு கட்டளை போட்டார்: "நான் சீமைக்கு லீவு போறது முன்னாலே முடிக்க வேணும். புது துரை என்ன சொல்றது, நமக்குத் தெரியாது."

மூன்று மாதம் இருந்தது. பைப் போக ரோட்டை வெட்ட அனுமதி கேட்டு, ரோட்டுகளைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்கு எழுதினேன். புதுத் தார், வெட்டக் கூடாது என்றார்கள். சரி, வளைவில் ரோட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் போகப் பழைய மதகு ஒன்று இருக்கிறதே, அதற்குள் பைப்பை விடுகிறோம் என்று விண்ணப்பப் பாரம் மூன்று பிரதியும் கையால் வரைந்த படமும் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: அந்த இடத்தில் மதகு இல்லை.

கெஞ்சிக் கேட்டதில் ரோட்டுக் கந்தோர் ஓவசியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மதகின் கைப்பிடிச் சுவரில் வசதியாக உட்கார்ந்து, மடியில் ரெஜிஸ்டரை விரித்தார்.

"பாருங்க கிளாக்கர். இந்த மைல் கட்டையில மூணு மதகு. நாலாவது இல்லே."

"மாத்தயா, நீங்க உக்காந்திருக்கிறது?"

குனிந்து பார்த்தார். "இருக்குதுதான். ஆனா ரெஜிஸ்டர்ல இல்லே. இல்லாத மதகுக்கு பெர்மிட் எப்படிக் குடுக்கிறது?"

"அப்ப எழுதிக்கிருங்களேன்."

"கேட்டவுடனே எழுத ஏலாது. கொழும்பிலிருந்து ஓடர் வரணும்."

அவர் போனதும், குடத்தோடு நின்றிருந்த கொழுந்துக்காரி ராக்காயி சொன்னாள்: "ஏங்க கிளாக்கரய்யா, இருக்குன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. அடைச்சுக்கிச்சுன்னு எழுதிப் பாருங்களேன்."

பொய்யும் இல்லை. பாதிக்கு மேல் சருகும் மண்ணும்தான். "மதகு அடைபட்டு மழைத் தண்ணீர் உங்கள் புதுத் தாரின் மேல் ஓடுகிறது" என்று இரண்டே வரி எழுதினேன். பாரம் இல்லை, படம் இல்லை. ஐந்தாம் நாள் ஆறு ஆட்களும் மண்வெட்டியுமாக லொறி வந்து நின்றது. துப்புரவாக்கி, கல்லில் வெள்ளைப் பெயிண்டால் 'நாலு' என்று போட்டார்கள். வேலை முடிந்தது என்று ஓவசியர் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்கு மதகுக்கு நம்பர் வேண்டும். கொழும்பைக் கேட்காமலே ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டார்.

பழைய பாரத்தை அவரிடம் நீட்டினேன்.

"எந்த மதகு?" என்றார்.

"இப்ப பெயிண்ட் அடிச்சது, மாத்தயா. இன்னும் காயலே."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, அதே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எந்தக் கந்தோருக்கும் நான் வேண்டுகோள் எழுதியதில்லை. முறைப்பாடுதான்.

துரை புறப்பட நான்கு நாள் இருக்கும்போது குழாயைத் திறந்தோம். முதல் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு ராக்காயி கேட்டாள்:

"மதகு ரெஜிஸ்டர்ல ஏறிருச்சு. நம்மள எந்த ரெஜிஸ்டர்லயாச்சும் ஏத்தணும்னா, எது அடைச்சிருக்குன்னு எழுதணுங்க?"