எட்டு மணிக்கு மேல் மாமா கொளுத்திய சரவெடி

தீபாவளிக்கு முந்தின வாரம் செய்தித்தாளில் அந்த அறிவிப்பு வந்துவிடும். காலை ஆறிலிருந்து ஏழு வரை, மாலை ஏழிலிருந்து எட்டு வரை, மற்ற நேரத்தில் வெடித்தால் வழக்கு. இப்போதெல்லாம் யாரும் அதை முழுசாகப் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை. ஆனால் கண்ணில் பட்டதுமே ஒரு அலுப்பு வந்துவிடுகிறது. பண்டிகை முடிந்து குப்பை வாரும்போது வருகிற அலுப்பு, எனக்கு மட்டும் ஒரு வாரம் முந்தியே வந்துவிடும்.

அந்த விதி வந்த புதிதில் நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா தூத்துக்குடியில் ஒரு காவல் நிலையத்தில் ஏட்டு. போலீஸ் குடியிருப்பில் வீடு கிடைக்காததால் உப்பளப் பக்கம் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். வெடிக்கலாம் என்று அரசாங்கம் விட்டுக்கொடுத்த அந்த இரண்டு மணி நேரமும், ஊர் ஒழுங்காக வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அப்பா தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும். வெடிக்கக் கூடாத நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார். வந்து, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுத் திரும்பவும் போவார்.

அம்மாவுக்கு வெடி என்றால் பயம். ஆக எங்களுக்கு மிச்சம் இருந்தது மாமாதான். அம்மாவின் தம்பி, துறைமுகத்துக்குள் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வெடியெல்லாம் அவர்தான் முந்தியே வாங்கித் தந்துவிடுவார். ஆனால் அவருக்கும் மாலை ஷிப்ட் எட்டு மணிக்குத்தான் முடியும். சட்டத்தைக் காப்பாற்றப் போனவர் ஒருவர், லாரியோடு உள்ளே மாட்டிக்கொண்டவர் இன்னொருவர். நானும் தம்பியும் வெடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த வருடம் மாலை ஆறரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு அறிவிப்பை யார் அனுப்புவது? கொடுத்த ஒரு மணி நேரத்தையும் குடித்துவிட்டு, எட்டு மணி ஆனதும் யாரோ கையைக் காட்டியதுபோல நின்றது. தெருவே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தது. மளிகைக்கடை அண்ணாச்சியின் மகன் கல்லூரியில் படிக்கிற பையன். அவன்தான் முதலில் ஒரு பெட்டி வெடியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்தான். அது மேலே போய்ப் பூப்பூவாக விரிந்ததும் நாங்களும் கை தட்டினோம்.

ரோந்துக்கு வந்த அப்பாவின் பைக் அந்த நேரம் பார்த்துத் தெருவுக்குள் நுழைந்தது. இன்னும் ஒரு வழக்குகூடப் போடவில்லையா என்று மேலதிகாரிகள் வயர்லெஸ் மைக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அது பிறகு தெரிந்த விஷயம். அன்று நாங்கள் பார்த்ததெல்லாம், அப்பா அண்ணாச்சி மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனதைத்தான். எங்கள் வீட்டுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பைக் போன பிறகு அண்ணாச்சி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் பாதித் தெரு.

"எங்க தெருவுல குடியிருந்துக்கிட்டு எங்க பிள்ளையவே ஸ்டேஷனுக்குக் கொண்டு போறாரு. இதே ஒங்க சொந்தக்காரன் வெடிச்சா பிடிப்பாரா? கேக்கேன், பிடிப்பாரா?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளையிலிருந்து கடையில் இவர்களுக்குச் சாமான் கிடையாது என்றது ஒரு குரல். வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி பண்ண வைப்போம் என்றது இன்னொரு குரல். வீட்டுக்காரர் அண்ணாச்சிக்குச் சம்பந்தி முறை. அண்ணாச்சியின் சின்ன மகள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அவளும் கூட்டத்தில் நின்று என்னை முறைத்தாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். நேரே துறைமுகத்திலிருந்து, நனைந்த சட்டையோடு. அம்மா அவரை உள்ளே இழுத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாமா துண்டால் தலையைத் துவட்டியபடி கேட்டார். பிறகு எங்கள் பையைக் குடைந்து, இருந்ததிலேயே பெரிய சரவெடியை எடுத்தார். நான் குதித்தேன்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்லே. ஒனக்குக் கிறுக்கா? துறைமுகப் பாஸ் போயிரும்லே!"

"அது பொறவு பாத்துக்கிடலாம். நீ வெலகுக்கா."

தெரு பார்த்துக்கொண்டிருக்க, சரவெடியை ஈரத்தில் படாமல் சாக்கு விரித்துப் பரப்பி, ஊதுவத்தியால் கொளுத்தினார். அப்படியொரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. புகை அடங்குவதற்குள் அப்பாவின் பைக் வந்து நின்றது. பின்னால் அண்ணாச்சி மகன். வழக்கை எழுதி, ஜாமீனில் விட்டு, அப்பாவே அவனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

காகிதக் குப்பையையும் மாமாவையும் அப்பா மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ள இது?" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

மாமா ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "நாந்தான் வெடிச்சேன் அத்தான். எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டந்தான?"

அண்ணாச்சி மகன் இறங்கிய இடத்தில் மாமா தானாகவே ஏறி உட்கார்ந்தார். பைக் கிளம்பியது. நான் பின்னாலேயே ஓடி, அப்பாவைப் பார்த்து, மாமாவை விடுங்கப்பா என்று கத்தினேன். அவர் நிறுத்தவில்லை. அன்று அப்பாவை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. ராத்திரி அவர் வந்து தலையைத் தடவியபோது தூங்குகிறவள் மாதிரிப் படுத்திருந்தேன்.

மறுநாள் காலை அண்ணாச்சியின் மனைவி ஒரு தூக்குச் சட்டி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். "ஒன் தம்பியக்கூட விடலியே ஒன் வீட்டுக்காரரு. எங்க வீட்டுல கோவத்துல என்னமோ பேசிட்டாவ, மனசுல வச்சுக்கிடாத" என்றார். வீடு காலி பண்ணுகிற பேச்சு அதோடு நின்றது. கடையில் எப்போதும்போலச் சாமான் கொடுத்தார்கள். பெஞ்சில் எப்போதும்போல அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா மட்டும் அந்த அதிரசத்தைத் தொடவில்லை. நானும் தம்பியும் சண்டை போட்டுத் தின்று தீர்த்தோம்.

துறைமுகத்துக்குள் போகிறவர்களுக்கு ஒரு பாஸ் உண்டு. அதைப் புதுப்பிக்கப் போலீஸ் சான்று வேண்டும், பேரில் வழக்கு இருக்கக் கூடாது. மாமாவின் பாஸ் அடுத்த சித்திரையோடு முடிந்தது. அவருடைய வழக்கோ முடியவில்லை. தான் எழுதிய வழக்கைத் தானே முடித்துவைக்க முடியாமல் அப்பா கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்தார். லாரி முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். மாமா வேம்பாரிலிருந்து உப்பு ஏற்றும் லாரிக்குப் போனார், பாதிச் சம்பளத்துக்கு. இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. அத்தானை இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவைக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை என்றாள்.

அடுத்த தீபாவளிக்கு மழை இல்லை. உப்பு லாரிக்கு அன்று ஓட்டமும் இல்லை. மாமா ஐந்து மணிக்கே வந்து, ஏழு அடிக்கும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஏழிலிருந்து எட்டு வரை ஒரு நிமிஷம் வீணாக்காமல் வெடித்தோம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த பண்டிகை அதுதான். அப்பா ரோந்தில் எங்கள் தெருவுக்கு வந்தபோது பைக்கை முனையிலேயே நிறுத்திக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார். இன்னும் கோபம் தீரவில்லை போல, எவ்வளவு கல்மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குக் கடைசிப் புஸ்வாணம் அணைந்ததும் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே வருஷா வருஷம் இதே மாதிரி சீக்கிரம் வந்துருங்க மாமா" என்றேன்.

"வந்துருதேன் தாயி" என்றார் மாமா. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.