கடிபட்ட கை

ஜார்ஜ்டவுனில், மூளையில் அடிபட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில்தான் அவரைப் பார்ப்பேன். என் மகளையும் அங்கேதான் கொண்டுபோவேன். ஜுருவில் தொழிற்சாலை வேலை முடிந்து, அதே சீருடையோடு அவர் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வருவார். பையனிடம் துளி மாற்றம் தெரிந்தாலும் அறை முழுக்கச் சொல்லிவிடுவார்.

அன்று என்னிடம் புறங்கையை நீட்டினார். பல் பதிந்திருந்தது.

"பாருங்கக்கா, கால மடக்குனதுக்குக் கோவம் வந்து கடிச்சிட்டான்லா!"

என் மகளுக்கு எவ்வளவு வலித்தாலும் முகம் மாறாது. அந்தக் கோபமாவது இவளுக்கு வரக்கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

"கடிக்கிறதெல்லாம் ஒரு பெருமையா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "உங்க பாப்பா கஞ்சி முழுங்குதே, அதப் பார்த்து எனக்கும் பொறாமைதான்கா. இவனுக்கு இன்னும் மூக்குல டியூப்பு. அதான் பாப்பா பக்கத்துல உக்கார வைக்கிறேன். பார்த்துக் கத்துக்கட்டும்லா."

பொறாமையை இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதரை நான் பார்த்ததில்லை.

மறுவாரம் உள்ளே நுழைந்ததும் என் கண் அந்தப் பையனின் மூக்குக்குத்தான் போனது. டியூப் அப்படியே இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவரோ, தன் மகனுக்குப் பக்கத்தில் என் மகளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.