கமலநாதனுக்குக் கெட்ட படம் எடுக்க வராது

மலேசியாவில், கிள்ளானில், கமலநாதன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு நான்கு வருஷம் ஆகிறது. மேசை முழுக்க அவனுடைய சாமான். நடுவில், பக்கங்களை வெட்டி வெள்ளை டிரேசிங் பேப்பர் ஒட்டிய ஒரு மைலோ அட்டைப்பெட்டி. இரண்டு பக்கமும் பிள்ளைகள் படித்த காலத்து மேசை விளக்குகள். பெட்டிக்குள் நகை. தங்கமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். எல்லாம் கவரிங், பாசிமணி, பட்டுநூல். மனைவி மலர்விழி கோத்துக் கோத்துப் போடுவாள், இவன் படம் எடுத்துப் போடுவான். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்.

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன், ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, கறுப்பு டீசட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. இடி விழுந்தாலும் கேட்காது. கறுப்புச் சட்டை எதற்கு என்றால், மினுங்குகிற நகை எதிரே இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டிவிடும். ஆரம்பத்தில் ஒருநாள் சட்டையில்லாமல் சாரத்தோடு உட்கார்ந்து ஒரு ஜிமிக்கியை எடுத்தான். குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டான். ஐந்து நிமிஷத்தில் செமினியிலிருந்து அக்கா இராஜம்மாவின் பதில் வந்தது: "டேய், ஜிமிக்கில ஒன் தொப்ப ஆடுது." அன்றிலிருந்துதான் கறுப்புச் சட்டை.

இந்த இராஜம்மா லேசுப்பட்டவள் இல்லை. மலர்விழி ஆசையாகச் செய்து கொடுத்த தோட்டை, "எனக்கு இதெல்லாம் ஆகாதும்மா, என் ஒடம்புக்குத் தங்கந்தான் ஒத்துக்கும்" என்று திருப்பிக் கொடுத்தவள். பொய் இல்லை. கவரிங் பட்டால் சற்று நேரத்தில் அவளுக்குத் தோல் சிவந்து தடித்துவிடும். ஆனால் அதை வியாதியாகச் சொல்ல மாட்டாள், ராஜபரம்பரை மாதிரி சொல்லிக்கொள்வாள். அதே இராஜம்மாதான், தம்பி ஃபோர்க்லிப்ட் பரீட்சையில் மூன்று முறை தோற்றபோதும் ஒரு ஈ காக்கைக்குச் சொல்லாமல் காப்பாற்றியவள். கமலநாதனுக்கு அக்கா என்றால் உயிர்.

அம்மா மாரியாயி இறந்து மூன்று வருஷம். காரியம் முடிந்து அலமாரியைத் திறந்தபோது அவருடைய காசுமாலையைக் காணவில்லை. நடுவில் பச்சைக்கல் பதக்கம் வைத்தது, கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வருவது. "சாவு வீட்டுக்கு ஆயிரம் பேர் வந்தாங்க" என்று ஊருக்குச் சொன்னார்கள். உள்ளுக்குள் ஆளுக்கு ஆள் சந்தேகம். சுபாங் ஜெயாவில் இருக்கும் மூத்த அண்ணன் ரெங்கசாமி மட்டும், "அம்மாவே போய்ட்டாங்க, மாலை என்னா பெரிய மாலை" என்று பெரிய மனுஷனாகப் பேசி வாயை அடைத்தார்.

மூன்றாம் வருஷத் திதி வருகிறது என்றதும் கமலநாதனுக்கு அந்த மாலை மேல் ஏக்கம் வந்துவிட்டது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் அழகு கண்ணிலேயே நின்றது. மலர்விழி கடை கடையாக ஏறி இறங்கிக் கவரிங் காசுகளை வாங்கி, அவன் சொல்லச் சொல்லக் கோத்தாள். பச்சைக்கல்லும் வைத்தாள். கமலநாதன் விளக்கில் பழுப்புத் தாளைச் சுற்றிப் பழைய தங்கத்தின் நிறத்தைக் கொண்டுவந்தான். காசுகளின் ஓரம் எடுப்பாகத் தெரிய அட்டையைக் கறுப்பாக்கி இரண்டு பக்கமும் நிறுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். "அம்மா நினைவாக" என்று எழுதிக் குழுவில் போட்டான்.

கவரிங் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் படத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுமாம். பெரிய கலைஞன்!

உடனே போன் வந்தது.

"திருட்டுப் பயலே! அம்மா மாலைய வச்சிக்கிட்டா இத்தன வருசம் என் வீட்டுல வந்து சோறு தின்ன?"

"அக்கா, அது கவரிங்க்கா. மலர் கோத்தது லா."

"யார்கிட்ட கத வுடுற? அந்த மாலையப் பாத்து வளந்தவடா நானு. கவரிங் இப்பிடியா மின்னும்?"

திருடன் என்று திட்டு விழுகிற நேரத்தில் அந்த மடையனுக்கு உள்ளே ஒரு பூரிப்பு. அடுத்த வார்த்தையில் அது அடங்கிப்போனது.

"ஞாயித்துக்கெழம திதிக்கு நான் வரல. இனிமே எனக்குத் தம்பியும் இல்ல."

குழுவில் சித்தப்பா பிள்ளைகள் வரை வந்து கும்பிடுகிற கையையும் கண்ணீர் விடுகிற மூஞ்சியையும் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அவன் பக்கம் பேசவில்லை. ரெங்கசாமி மட்டும் ஒரே வரி எழுதினார்: "அது கவரிங்தான். விடுங்க." கமலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னான். "ஒலகத்துல அண்ணன் ஒருத்தர்தான் என்னை நம்புறாரு" என்று மலர்விழியிடம் சொல்லிச் சொல்லி அவள் காதே புளித்துப்போனது.

"புலம்பாதிங்க. பாத்தா கவரிங்னு தெரியற மாதிரி கேவலமா ஒரு படம் எடுத்து ஒங்க அக்காவுக்கு அனுப்புங்க" என்றாள் மலர்விழி.

நல்ல யோசனைதான். ஆனால் கேவலமாக எடுக்க வரவேண்டுமே! மாலையை நாளிதழ் மேல் போட்டான். கை தானாகப் போய்க் காசுகளை நேராக்கியது. சமையலறை டியூப்லைட்டில் எடுத்தான், அது பௌர்ணமி வெளிச்சம் மாதிரி விழுந்து தொலைத்தது. தரையில் போட்டு எடுத்தான். எடுப்பதற்கு முன் தூசியைத் தட்டினான்.

"தூசியத் தட்டாதிங்கன்னு சொன்னேன்ல!"

"தூசியோட எப்படி மலர் எடுக்கறது?"

கடைசியில் மலர்விழியே போனைப் பிடுங்கி, மாலையை வாணலி பக்கத்தில் வீசி, ஃபிளாஷ் அடித்து ஒன்று எடுத்து அனுப்பினாள். இராஜம்மாவின் பதில் வந்தது: "வேணும்னே கெடுத்து எடுத்திருக்கீங்க. நான் நேர்ல வந்து பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை திதிக்குத் தம்பி வீட்டுக்கே வந்தாள். அம்மா படத்துக்குக்கூட இன்னும் பூ வைக்கவில்லை, கையை நீட்டினாள். மாலையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கழுத்தில் போட்டுக்கொண்டாள். "கனமாத்தான் இருக்கு" என்று சபைக்கே அறிவித்துவிட்டு, படையல் முடிந்ததும் இலையில் போய் உட்கார்ந்தாள்.

சாம்பார் வருவதற்குள் கழுத்து சிவந்தது. பாயசம் வருவதற்குள் தடித்தது. அவள் கை மேலே போகும், பாதியில் நின்று முந்தானையைச் சரி செய்துவிட்டுத் திரும்பும். சொறிந்தால் தோற்றுப்போவாளே!

"அண்ணி, கழட்டி வச்சிடுங்களேன்" என்றாள் மலர்விழி.

"வெக்கைம்மா. ஃபேன ஏத்து."

ஃபேன் ஏற்கெனவே கூரையைப் பிய்த்துக்கொண்டு சுற்றியது. இராஜம்மாவின் கண்ணில் நீர் கட்டியது. அரிப்பா, தம்பியைத் திருடன் என்ற வருத்தமா, இரண்டுமா, அவளுக்கே தெரியாது. ரெங்கசாமிக்கு இரக்கம் வந்துவிட்டது. வடையைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"அதான் நான் அப்பவே சொன்னேனே, கவரிங்னு. படத்தப் பாத்தாலே தெரியுதே."

கமலநாதனுக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாகத் தெய்வமாகக் கும்பிட்ட அண்ணன், பாத்தாலே தெரியுது என்கிறாரே!

"பாத்தா தெரியாதுண்ணே."

"தெரிஞ்சிச்சு லா. கலரு ஒரு மாதிரி..."

"கலருக்குத்தான் தாள் சுத்துனேன். அசல் தங்கம் அது."

"இல்ல, ஓரத்துல..."

"ஓரத்துக்குக் கறுப்பு அட்ட வச்சிருந்தேன். நாலு வருசமா இந்த மேசைய விட்டு எந்திரிக்காம உக்காந்திருக்கேண்ணே. பெத்த அம்மா கழுத்துல பாத்து வளந்த அக்காவுக்கே தெரியல. என் படத்தப் பாத்துக் கவரிங்னு ஒருத்தனும் சொல்ல முடியாது!"

அடித்துப் பேசியவன், தான் பேசியது தன் காதிலேயே விழுந்ததும் நின்றான். நம்பினாரே என்று உருகிய உருக்கமெல்லாம் நெஞ்சில் கசந்தது. குரல் இறங்கிப்போனது.

"ஒங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சிச்சு?"

ரெங்கசாமியின் வாயில் வடை அப்படியே நின்றது. இராஜம்மா கழுத்தருகே போன கையைக் கீழே இறக்காமல் அண்ணனையே பார்த்தாள். அவர் இடது கையால் கார் சாவியைத் தேடினார்.

பக்கத்து இலையில் இருந்த அவர் மனைவி தாமரை தலை நிமிராமல் சொன்னாள்.

"குடுத்துடுங்க, குடுத்துடுங்கன்னு மூணு வருசமா சொல்றேன்."

இராஜம்மா அப்போதுதான், இரண்டு கையாலும், ஆசை தீரக் கழுத்தைச் சொறிந்துகொண்டாள்.