குட்டி கேட்டு வருகிறவர்கள்

குட்டி கேட்டு வருகிறவரை சூர்யகலா முதலில் தரையில் உட்கார வைக்கிறார். காரில் வந்து இறங்கியவர் என்றாலும் சிமெண்டுத் தரைதான். "சேர்ல குந்தினா அது கிட்ட வராதுங்க" என்கிறார். அது என்பது தாய் லாப்ரடார், பெயர் செல்லி. செல்லி வந்து முகர்ந்து பார்த்துப் பக்கத்தில் படுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு. முகம் திருப்பிக்கொண்டு போய்விட்டால் வந்தவருக்கு ஒரு டீயோடு சரி.

மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர் சூர்யகலா. கடற்கரை பங்களாவைக் காலி செய்தவர்கள் அப்படியே விட்டுப்போன நாய்க்குட்டிதான் செல்லி. வரப்பில் நடந்துவிட்டு வந்தால், உப்புத் தண்ணீர் பட்ட பாதங்களை ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் கழுவி விடுவார். அது மழைக்காலத்தில் மட்டுமே குட்டி போடும்படி பார்த்துக்கொள்வார். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும் அந்த மாதங்களில் வேலை கிடையாது, பகல் முழுக்கக் குட்டிகளோடு இருக்கலாம். கையில் காசில்லாத காலமும் அதுதான். ஆனாலும் இரண்டு மாதம் ஆகாமல் ஒரு குட்டியும் வாசலைத் தாண்டாது. "பால்குடி மறக்காத புள்ளைய யாராச்சும் தத்து குடுப்பாங்களா?"

பிறகு கேள்விகள். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள். "பகல்ல வூட்ல யாரு இருப்பாங்க? ஊருக்குப் போனா எங்க வுடுவீங்க? இதோட அப்பன் கூனிமேட்டுல இருக்குது, போய்ப் பாத்துட்டு வாங்க." நான் குட்டி கேட்டுப் போனபோது, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்று தெரிந்ததும் எனக்கு இல்லை என்றுவிட்டார். "தனியா கெடந்தா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிடும் சார்." சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு டீ போட எழுந்தார். கணவர் இறந்து, மகளும் திருப்பூரோடு போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்பதே குட்டி கேட்டு யாராவது வரும்போதுதான். கோபித்துக்கொண்டு கிளம்ப வேண்டியவன், மனசு கேட்காமல் அந்த டீயையும் குடித்தேன்.

போன மாதம் பெருமுக்கல் கலியமூர்த்தியை அழைத்துப் போனேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போன பிறகு பேச்சுத் துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். செல்லிக்கு வயதாகிவிட்டது, இதற்குமேல் பிரசவம் வேண்டாம் என்று சூர்யகலா முடிவு செய்திருந்தார். மிச்சமிருந்தது ஒரே குட்டி. செல்லி நேராக வந்து கலியமூர்த்தியின் தொடையில் தலையை வைத்துப் படுத்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பகல்ல யாரு இருப்பாங்க?"

"நான்தாம்மா. ராத்திரியும் நான்தான்."

"நீங்க ஆஸ்பத்திரில படுத்துட்டா இத யாரு பாத்துப்பாங்க? ஒரு பேரு சொல்லுங்க."

ஊர்ப்பட்ட ஜனத்துக்கு டிக்கெட் கிழித்தவருக்குச் சொல்ல ஒரு பெயர் அகப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நானோ ஏற்கெனவே தேர்வில் தோற்றவன். "யாரும் இல்லம்மா" என்றார் கடைசியில்.

"அப்பக் குடுக்க முடியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கலியமூர்த்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது, பயணியிடம் எந்த ஊர் என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்: "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தச் செல்லிய யாரும்மா பாத்துப்பாங்க?"

இத்தனை பேரை மடக்கிய கேள்வியை சூர்யகலாவிடம் திருப்பிக் கேட்க இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் குட்டி, மறு கையில் போன். குட்டியைக் கலியமூர்த்தியிடம் கொடுத்தார். "முடியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. நான் வந்து தூக்கிக்கிறேன்."

பிறகு தன் போனையும் அவரிடம் நீட்டினார்.

"உங்க நம்பரையும் இதுல போட்டுக் குடுங்க."