ஊசி போடலாமா என்று கேட்டேன், அம்மன் பதில் சொன்னாள்

ஒரு குழந்தை மூச்சு விடுவதற்காக உழைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம் வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், என் மூத்தவன் ஹரிக்கு வந்தது வெறும் ஜலதோஷம் என்றுதான் நினைத்தோம். கைக்குழந்தையிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு. மழை வந்தால் இழுப்பும் வரும், கஷாயமும் ஆவியும் கொடுத்தால் போகும், அவ்வளவுதான் என்று இருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "அம்மா" என்று முழுதாகக் கூப்பிட அவனுக்கு மூச்சு போதவில்லை.

ஆஸ்பத்திரியில் ஃப்ளூ என்றார்கள். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நம் தெருக்கோடி அம்மனை நான் கூப்பிட்ட கூப்பாடு அவளுக்குத்தான் தெரியும். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கே சகோதரிகள் உங்கள் முன்னால் வந்து சாட்சி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் இன்று சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல, அதற்குப் பின் வந்த பயத்தைப் பற்றி.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். இழுப்பு உள்ள குழந்தை, அடுத்த மழைக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள், தங்கைக்கும் சேர்த்துப் போடுங்கள், வருஷா வருஷம் போட வேண்டும் என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஆபத்து வந்தபோது ஆட்டிய தலை, அது போனதும் நின்றுவிடுகிறது. மழை விட்டது, ஹரி ஓடியாடினான், நாங்கள் மறந்தோம்.

இந்த வருஷம் வெயில் தணியத் தொடங்கியபோது ஹரியின் வகுப்பில் நாலைந்து குழந்தைகள் காய்ச்சல் என்று வரவில்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் இருவரும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம். ஹரிக்கு ஏழு வயது, மீனுவுக்கு மூன்று. நர்ஸ் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, பையன் முட்டை சாப்பிடுவானா, ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று வழக்கமாகக் கேட்பதை மலையாளத்தில் கேட்டாள்.

"மோன் முட்ட கழிக்குமோ? அலர்ஜி வல்லதும் உண்டோ?"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் வீடுகளில் முட்டை வாசற்படி தாண்டாது என்பது உங்களுக்குத் தெரியும். அதிலும் என் கணவர் அம்மன் கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். எங்கள் குழந்தைகள் முட்டையைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளுமா, ஒத்துக்கொள்ளாதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். இந்த மருந்தை முட்டையில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், அதன் சுவடு ஏதாவது இருக்கலாம், ஆனால் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட இப்போது போடுகிறோம், போட்டபின் அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்கள், ஏதாவது என்றால் பார்க்க நாங்கள் இருக்கிறோம் என்றார். அந்த 'ஏதாவது' மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் கணவர் காதில் 'முட்டை' மட்டும். யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நிலைகொள்ளாமல் நடந்தார். கோபமில்லை, தவிப்பு.

"அம்மனுக்கு நைவேத்யம் பண்ற ஆத்துல, குழந்தை ஒடம்புல முட்டையா?"

"போன வருஷம் சொட்டுச் சொட்டா மருந்து ஏத்தினாளே, அதெல்லாம் எதுல பண்ணினதுன்னு கேட்டேளா?" என்றேன். எனக்கு வாய் நீளம், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாய்தான் நீளமே தவிர, என் நெஞ்சிலும் தைரியம் இல்லை. நான் தினம் பஸ்ஸில் போய்வரும் கழக்கூட்டம் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் தன் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் போடுகிறாள், ஒன்றும் ஆனதில்லை. அவள் சொன்னால் மனம் சமாதானமாகும். திரும்பி வரும் பஸ்ஸில் போனைத் திறந்தால், ஊசி போட்டுக் கை கால் விழுந்துபோனது என்று யாரோ யாருக்கோ அனுப்பியதை யாரோ எனக்கும் அனுப்பியிருப்பார்கள். ஊரில்லை, பேரில்லை. ஆனாலும் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் பயத்தின் அடியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். போடாமல் இருந்து குழந்தைக்கு ஏதாவது ஆனால், அது விதி. போட்டு ஏதாவது ஆனால், நான் செய்தது. என் கையால் என்று வந்துவிடக் கூடாது, வேறு யாராவது சொல்லிவிடட்டும் என்று ஆள் தேடினேன். அதற்கு அம்மனைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு இலைத்துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்புத் தெச்சிப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்தோம். வெள்ளை வந்தால் போடுவது, சிவப்பு வந்தால் வேண்டாம். மீனுவை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் வெள்ளை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. அப்படியானால் போடத்தான் வேண்டும் என்று நினைத்ததுமே அந்த 'ஏதாவது' வந்து முன்னால் நின்றது. "குழந்தை சரியா எடுக்கலை, இன்னொரு தரம் பாத்துடலாம்" என்று சொன்னது நான்தான். இரண்டாம் தரம் பிரித்தால் சிவப்பு.

பூக்கட்டிப் பார்த்தால் மறுபடி கேட்கக் கூடாது. அது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன். ஒரு பதிலை வாங்கிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நம்பவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இப்போது போடு என்றும் பதில் இல்லை, போடாதே என்றும் பதில் இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். போதாக்குறைக்கு, அவளைச் சோதித்த குற்றம் குழந்தைகள் தலையில் விடியுமோ என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

அதற்கடுத்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஹரி தும்மினால் ஓடிப்போய்ச் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தேன். மழை முதல் தடவையாக வலுத்துப் பெய்த அன்று, அவன் வகுப்பில் ஒரு பெண் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். 'அம்மா, பூ கேட்டது தப்பு. இனிமேல் கேட்க மாட்டேன். என்னால் தனியாக முடியவில்லை. யாரையாவது என் கூட நிறுத்து' என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், என் கணவர் இரண்டு குழந்தைகளோடும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நாளும் வராதவர். "கிளினிக்குக்குப் போலாம்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

கிளினிக்கில் நர்ஸ் ஹரியைக் கூப்பிட்டாள். என் கணவர் முந்திப் போய் நின்று சட்டைக் கையை மடித்தார்.

"மொதல்ல எனக்குப் போடுங்கோ டாக்டர். நானும் முட்டை சாப்பிட்டதில்லை."

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லதுதான், ஆனால் உங்களுக்கு ஒத்துக்கொண்டால் பையனுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று கணக்குப் போடாதீர்கள் என்றார். "தெரியும் டாக்டர். ஆனாலும் நான் போட்டுண்டப்பறம் அவன் போட்டுக்கட்டும்" என்றார் இவர். அம்மன் நைவேத்தியத்துக்கு அரிசி களையும் அந்தக் கையில் ஊசி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அன்றைக்குப் பார்த்ததுபோல் என்றுமே பார்த்ததில்லை.

அப்புறம் ஹரி. அப்புறம் மீனு. மீனு கிளினிக்கே அதிர அழுதாள்.

பின்பு அந்த அரை மணி நேரம். சகோதரிகளே, ஆயுசில் அவ்வளவு நீளமான அரை மணியை நான் கண்டதில்லை. ஹரியை மடியில் உட்காரவைத்து அவன் உதட்டையே பார்த்தேன். ஒரு தரம் இருமினான், எனக்கு உயிர் போய் வந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு தெரிந்ததும் நர்ஸைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, கொசு கடித்தது என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாய்க்குள் நாமத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோய், சொன்ன பேரையே திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் என் கணவர் தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார். அன்று காலையில் மடப்பள்ளியில் பாயசம் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். பிராகாரத்தில் ஒரு குழந்தை இருமியிருக்கிறது, அப்படியே ஹரியின் இருமல். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். ஹரி அந்நேரம் பள்ளிக்கூடத்தில். அது வேறு யார் குழந்தையோ. ஆனாலும் அது மூச்சு வாங்கி அடங்குகிறவரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். திரும்பிப் போனால் பாயசம் அடிப்பிடித்துக் கருகியிருந்ததாம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நடக்காதது. உருளியைத் தேய்த்து, மறுபடி அரிசி களைந்து வைத்திருக்கிறார்.

"நைவேத்யத்தை அடுப்புல விட்டுட்டு ஓடினேன். அப்பறம் அம்மனைப் போய்ப் பாத்தேன். அவ கோவிச்சுண்டான்னு எனக்குத் தோணலை. பாயசத்துக்குக் கோவிச்சுக்காதவ, ஒரு துளி மருந்துக்கா கோவிச்சுக்கப் போறா?"

காலையில் எந்நேரம் என்று கேட்டேன். சொன்னார். நான் பஸ்ஸில் அழுதுகொண்டிருந்த நேரம். இது தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன். யாரையாவது என் கூட நிறுத்து என்று கேட்டேன். வீட்டிலேயே இருந்த மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அரை மணி முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரவு ஹரிக்குக் கை கொஞ்சம் வலித்தது, மீனுவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது, காலையில் இருவரும் தோசைக்குச் சண்டை போட்டார்கள். முதல் வருஷம் என்பதால் குழந்தைகளுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊசி. அதற்கும் போனோம், அன்றும் பயந்தேன். மழைக்காலம் முழுவதும் ஹரிக்கு ஜலதோஷமும் வந்தது, ஒரு தரம் காய்ச்சலும் வந்தது. ஊசி போட்டால் எந்தக் காய்ச்சலும் வராது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் மறுபடி நிற்கவில்லை. அதற்கு என் அம்மனுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

இப்போதெல்லாம் அவளிடம் போடலாமா வேண்டாமா என்று கேட்பதில்லை. மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேட்கிறேன், புரியாவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி கேட்கிறேன். என் போனுக்கு வரும் பயமுறுத்தல்களை யாருக்கும் அனுப்புவதில்லை. என் பயம் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். அடுத்த வருஷமும் நடுங்கிக்கொண்டுதான் ஊசிக்குப் போவேன்.

நம்மில் சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு முடிவெடுக்கப் பயந்து, நான் நின்றதுபோலவே நிற்கிறீர்களா? பயத்தை எடுத்துவிடு என்று அவளிடம் கேட்காதீர்கள், பெற்றவளுக்கு அது போகாது. கூட வந்து உட்கார் என்று கேளுங்கள். உட்காருவாள்.