கூட்ஸ் வண்டி என்று பெயர் பெற்ற சூசை

ஆசிரியப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்காக இதனை எழுதுகிறேன். ஐம்பதுகளில் ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியன். பிற வகுப்புகளில் ‘பிரசண்ட் சார்’ ஒலித்த காலத்தில், என் வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ என்பதே முறை.

1. வருகைப் பதிவு

சூசை மீனவர் வீட்டுப் பிள்ளை, பேசும்போது திக்குவான். அவன் பெயரைப் படித்ததும் எழுந்து நின்று, “உ... உ...” என்று முதலெழுத்திலேயே தவிப்பான். உடனே பின்வரிசையிலிருந்து தனகோட்டியின் குரல் எழும்.

“கூட்ஸு நின்னுக்கீதுடா! இன்னும் சிக்னல் விழல!”

வகுப்பு முழுவதும் சிரிக்கும். தனகோட்டியைப் பன்முறை கண்டித்தேன், பிரம்பையும் காட்டினேன். பயனில்லை.

ஒரு திங்கட்கிழமை சூசையின் தாயார் மரியம்மாள், தலையில் மீன்கூடையுடன் பள்ளி வாயிலில் வந்து நின்றார்.

“ஐயா, இவன் படிச்சது போதும். பள்ளிக்கூடம்னாலே வவுறு வலிக்குதுன்றான். அவங்க நைனாவோட கடலுக்கு அனுப்பிடறேன்.”

“நன்றாகப் படிக்கிற பிள்ளை அம்மா. இந்த ஒரு வாரம் பொறுங்கள்.”

“உங்க மொகத்துக்காவ பொறுக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் எளிய வழி ஒன்று சொன்னார். “அவன் பேரையே கூப்பிடாதீங்க. ஆளைப் பாத்து மார்க் பண்ணிடுங்க. விஷயம் முடிஞ்சுது.”

மறுநாள் அவ்வாறே செய்தேன். சூசையின் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைப் படித்ததுதான் தாமதம். “இன்னா ஐயா, இன்னிக்கி கூட்ஸு ராயபுரத்துல நிக்காதா?” என்றான் தனகோட்டி. முன்னினும் பெருஞ்சிரிப்பு. சூசை மேசைமேல் தலை கவிழ்ந்தான்.

2. சிரித்தவர்கள்

அன்றுதான் ஒன்றைக் கண்டேன். தனகோட்டி அதைச் சொன்னபோது சூசையைப் பார்க்கவே இல்லை. யார் யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தான்! இத்தனை நாளும் நான் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. மாலையில் தனகோட்டியைப் போகவிட்டு, சிரித்தவர்களுள் சிலரை நிறுத்தினேன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர் மகன் காதரைக் கேட்டேன்.

“சூசையின்மேல் உனக்கு என்ன கோபம்?”

“கோபம்லாம் இல்ல ஐயா. சிரிக்காட்டி நாளிக்கு தனகோட்டி எனக்குப் பேரு வெப்பான். இப்பவே ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிகினுகீறான்.”

“இன்னா பேருடா?” என்று ஆவலாகக் கேட்டான் பக்கத்திலிருந்தவன்.

“போடா, சொன்னா நீதான் மொதல்ல கூப்புடுவ.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காதர் சிரிக்கவில்லை. தானாகவே சொன்னான்: “சூசை எப்பவும் திக்கறதில்ல ஐயா. கடலோரத்துல வலை இழுக்கறப்போ பாத்துக்கீறேன். எல்லாரோடயும் சேந்து கத்துவான். ஒரு தபாகூட நிக்காது.”

அன்றே காசிமேட்டுக் கரைக்கு விரைந்தேன். இரு கயிறுகளிலும் ஆள்கள் வரிசையாக நின்று கரைவலையை இழுத்துக்கொண்டிருந்தனர். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் அனைவரும் மறுகுரல் எழுப்பி, அந்த மூச்சிலேயே கயிற்றை வலித்தனர். அக்கூட்டத்தில் சூசை! கடலிரைச்சலையும் மீறி வெண்கலமாய் ஒலித்தது அவன் குரல். ஓரிடத்திலும் தடையில்லை.

வலை கரையேறியபின் அவனை அழைத்து, கண்டதைச் சொன்னேன். “காதரும் உன்னுடன் சேர்ந்து குரல் கொடுத்தால், பெயரைப் படிக்கட்டுமா?” என்றேன். காலால் மணலைக் கிளறியவன், “கூ... கூப்புடுங்க ஐயா” என்றான். மறுநாள் காலையில் காதரிடம் கேட்டேன். “பாக்கலாம் ஐயா” என்றான். அதற்குமேல் அவனை வற்புறுத்தவில்லை.

3. மறுகுரல்

பதிவேட்டைத் திறந்தேன். “சூசை” என்றேன். எழுந்தான். “உ... உ...”

“சிக்னல் விழல!” என்றான் தனகோட்டி.

காதர் தன் இருக்கைப் பலகையைத் தாண்டி வந்து சூசையின் பக்கத்தில் நின்றான்.

“இழுடா சூசை!”

இருவர் குரலும் ஒன்றாய் எழுந்தது: “உள்ளேன் ஐயா!”

தனகோட்டி முகம் சிவந்து எழுந்தான். “டேய் துண்டுபீஸு! உன்னிய எவன்டா கூப்ட்டான்?” என்றான். துணிக்கடைப் பிள்ளை காதருக்கென வைத்திருந்த பெயர் வெளிவந்துவிட்டது. காதர் உட்காரவில்லை. தனகோட்டி வழக்கம்போல் இருபுறமும் திரும்பிப் பார்த்தான். முந்தைய நாள் என்னிடம் நின்றவர்களுள் ஒருவன் எழுந்து காதரை ஒட்டி நின்றான். பிறகு இன்னொருவன். எவரும் சிரிக்கவில்லை! தனகோட்டி மெல்லப் பலகையில் அமர்ந்தான். அவனை நான் அடிக்கவுமில்லை, வெளியேற்றவுமில்லை.

திக்கல் ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. அடுத்த திங்களன்று, மரியம்மாள் பொறுப்பதாகச் சொன்ன வாரம் முடிந்தும், சூசை வந்திருந்தான். காதர் எழ முயன்றபோது கையமர்த்தித் தனியே நின்றான். முதலெழுத்திலேயே சிக்கிக்கொண்டான். வகுப்பு காத்திருந்தது. துறைமுகத்துச் சங்கு ஊதி ஓய்ந்தது, அப்போதும் காத்திருந்தது. கடைசியில் “உள்ளேன் ஐயா” என்றான்.

இளம் ஆசிரியர்களே, எள்ளுபவனைத் திருத்தப் பிறகு நாள் இருக்கிறது. முதலில், அஞ்சிச் சிரிக்கும் பிள்ளைகளிடம் செல்லுங்கள்.