மரத்துக்குக் கட்டிய பாவாடை

இந்த ஸ்காட்லாந்துக் கடையில், இடுப்புக்குக் கீழே நனையாமல் இருப்பதற்கென்றே ஒரு சுவர் முழுக்கச் சரக்குத் தொங்குகிறது. ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். மழைக்கால்சட்டைகளை இவர்கள் கிராம் கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள். முதுகுப்பை சுமந்து நாள்கணக்கில் மலை நடப்பவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் பாரம்தானாம். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்சுகள் நான்கு நாள் நடைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூலிக்கு நனைந்தவளின் மகள் நான்; இவர்கள் லீவு போட்டுவிட்டு நனையப் போகிறார்கள்.

விற்பனைப் பெண் பொறுமையாக விளக்கினாள். பக்கவாட்டில் முழுநீள ஜிப் இருந்தால் பூட்சைக் கழற்றாமல் மாட்டலாம், ஆனால் எடை கூடும். மெல்லியதை எடுத்தால் முள்ளில் கிழியும். எதை எடுத்தாலும் ஏற்றத்தில் உள்ளே வியர்த்து, மழை இல்லாமலேயே நனைந்துபோகும். பிறகு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். இடுப்பில் பாவாடைபோலச் சுற்றிக் கட்டும், மழை புகாத ஒற்றைத் துணி. "ரெயின் கில்ட். காற்றுப் போகும், வியர்க்காது, குனிந்து நிமிரலாம். அருமையான யோசனை, இல்லையா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "இதை என் அம்மா எப்போதோ செய்துவிட்டாள்" என்றேன்.

"அப்படியா! உங்கள் அம்மா டிசைனரா?"

"இல்லை. ரப்பர் பால் எடுப்பவள்."

புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

எங்கள் ஊர்ப்பக்கம், பேச்சிப்பாறையில், மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். பால் விழும் சிரட்டையில் மழைநீர் இறங்காமலிருக்க, பால் வடியப் பட்டையில் கீறிய வெட்டுக்கு மேலே ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்டிக் சுற்றி, தார் போன்ற பசையால் ஒட்டுவார்கள். மரம் பாவாடை உடுத்தி நிற்பதுபோல இருக்கும். அதன் அடியில் குத்தவைத்துப் பால் வெட்டும் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. சேலை நனைந்து தொடையில் ஒட்டும், உரசிப் புண்ணாகும், அட்டை ஏறும். ஒரு வருடம் அம்மா, கழித்துப்போட்ட பிளாஸ்டிக் துண்டு ஒன்றை இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டாள். பிளஸ் டூ லீவில் பால் வாளி சுமக்க நானும் போயிருந்தேன். சூப்பர்வைசர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, மரத்துக்குள்ளத உனக்கு ஆரு கெட்டச் சொன்னது? அவுருட்டி."

"கழிச்சுப் போட்டதாக்கும் சாரே" என்றாள் அம்மா.

"அவுருன்னு சொன்னேன்."

எல்லோரும் பார்க்க அம்மா அவிழ்த்துக் கொடுத்தாள். அந்த ஆள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். குப்பையில் கிடந்த துண்டை! சேலை காலோடு ஒட்டிக்கிடக்க, மீதி மரங்களிலும் அம்மா பால் வெட்டி முடித்தாள். நான் வாய் திறக்கவில்லை. அந்த ஆள்மேல் உள்ள கோபத்தைவிட என்மேல் உள்ள கோபம்தான் இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.

எஸ்டேட் வேலையை விட்ட பிறகும் அம்மா சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறாள், மழையிலும்தான். போன லீவில் நான் கொண்டுபோன மழைக்கால்சட்டையை ஒரே நாளில் மூலையில் போட்டுவிட்டாள். "குத்தவைக்கையில இறுக்கிப் பிடிக்கி மக்கா. உள்ள வேர்த்து வடியுது." விற்பனைப் பெண் சொன்ன அதே குறை. ஆகவே கில்ட் இரண்டாக வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வீடியோ காலில் அம்மாவுக்கு உடுத்துக் காட்டினேன்.

"கொள்ளாமே, நல்லாருக்கே! இது மரத்துக்கா, ஒனக்கா?" என்று சிரித்தாள்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கும்மா. இனி நனையாம வெட்டு."

சிரிப்பு நின்றது. "எனக்கு வேண்டாம் மக்கா. சூப்பர்வைசர் கண்டா அவுக்கச் சொல்லுவாரு."

"அம்மா, அவரு செத்து எத்தற வருசமாச்சு!"

"ஆமால்லா" என்றாள். பிறகு, "ஆனாலும் வேண்டாம் மக்கா."

போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து கத்தினேன். செத்தவனைப் போய்ச் செருப்பால் அடிக்க முடியுமா?

நடையின் இரண்டாம் நாள் மழை பிடித்தது. எல்லோரும் பையை இறக்கி, சிரித்துக்கொண்டே கால்சட்டை மாட்டினார்கள். நான் கில்ட்டை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். தொடை நனையவில்லை, வியர்க்கவும் இல்லை. அம்மாவின் கணக்குச் சரிதான்.

"யாரைத் தேடுகிறாய்?" என்று கூட வந்தவள் கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குடையோடு யாராவது வருகிறாரா என்று பின்னால் பார்த்தபடி நின்றிருந்தேன்.